பிரஷர் வாஷரில் அழுத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. நாசிலை மாற்றியும் பயனில்லை

ஈரச்சுவர்:

வணக்கம். என்னிடம் இருப்பது மின்மோட்டாரில் இயங்கும், மூன்று பிஸ்டன் பம்ப் கொண்ட பிரஷர் வாஷர். வேலை அழுத்தம் 150 பார் என்றும் நீரோட்டம் நிமிடத்துக்கு 9 லிட்டர் என்றும் அதன் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நான்கு ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் தராத இயந்திரம் இது. கடந்த வாரத்திலிருந்து கன்னின் விசையை இழுத்தால் ஒரு நொடி மட்டும் பழைய வேகத்தில் நீர் சீறுகிறது. அதன்பின் தளர்ந்துவிடுகிறது, ஹோஸும் கையில் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் ஒரே இழுப்பில் பாசியை உரித்தெடுத்த பீச்சல், இப்போது பாசியை நனைத்துவிட்டு அதன் மேலேயே வழுக்கிப் போகிறது.

நீர் பீச்சும் முனையான நாசில் தேய்ந்திருக்கும் என்று எண்ணி, துளை அளவைக் குறிக்கும் அதே எண் கொண்ட புதிய நாசிலை மாட்டினேன், மாற்றம் இல்லை. அன்லோடர் வால்வின் திருகை ஒன்றரைச் சுற்று இறுக்கினேன், அதிலும் பயனில்லை. பம்ப்பின் ஆயுள் முடிந்துவிட்டதா, அல்லது நான் பார்க்கத் தவறியது ஏதேனும் இருக்கிறதா?

கருங்குழல்:

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன், தவறாக எண்ண வேண்டாம். மாட்டியிருப்பது சோப்பு நாசில் இல்லையே? வண்ணக் குறியிட்ட நாசில்களில் கறுப்பு நிறமுடையது சோப்புக்கானது. அதன் துளை பெரியது. அழுத்தத்தை வேண்டுமென்றே குறைப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், ஏனெனில் அழுத்தம் இறங்கினால்தான் சோப்பு உறிஞ்சப்படும். அதை மாட்டிவிட்டு மறந்துபோய், இரண்டு நாள் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தவன் நான்.

ஈரச்சுவர்:

இல்லை, பச்சை நிற 25 பாகை நாசில்தான். எண்ணையும் சரிபார்த்துவிட்டேன்.

பழுதுப்பட்டறை:

முதலில் அந்த அன்லோடர் திருகை இருந்த இடத்துக்கே திருப்பி வையுங்கள். அழுத்தம் குறைந்தால் அன்லோடரை இறுக்குவது என்பது பலருடைய பழக்கம். என் அனுபவத்தில் இவ்வளவு பம்ப்புகளைக் கெடுத்த பழக்கம் வேறொன்றில்லை. கன்னை மூடியதும் பம்ப் தள்ளும் நீருக்கு வேறு வழி காட்டி, அதை உள்வாயிலுக்கே சுற்றிவிடுவதுதான் அந்த வால்வின் வேலை. வேறிடத்தில் இருக்கும் பழுதுக்காக அதை இறுக்கினால் இப்போது ஒன்றும் நடக்காது. பழுது நீங்கிய அன்று, கன்னை மூடும்போதெல்லாம் பம்ப்பின் தலை தாங்கக்கூடியதைவிட அழுத்தம் ஏறும். திருகைத் திருப்பும் முன் மோட்டாரை நிறுத்தி, விசையை இழுத்து, ஹோஸில் தேங்கியிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள்.

அந்த முதல் நொடிச் சீற்றத்தைக் கண்டு பம்ப் நலமாக இருக்கிறது என்றும் எண்ணிவிட வேண்டாம். கன்னை மூடியபோது ஹோஸுக்குள் அடைபட்ட அழுத்தம் வெளியேறுவதுதான் அது. இரண்டாம் நொடியிலிருந்து வருவதுதான் பம்ப்பின் உண்மையான நிலை.

ஓட்டமானி:

ஈரச்சுவர், இதுவரை நீங்கள் செய்தவை எல்லாம் அழுத்தத்தைத் துரத்தியவை. பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனை நீர் என்று அளந்து தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த நீர் நாசிலின் சிறு துளைக்குள் நெருக்கித்தள்ளிப் புக வேண்டியிருப்பதால் பிறப்பதே அழுத்தம். ஆகவே அழுத்தம் குறைந்திருக்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: நீர் குறைந்திருக்கிறதா, அல்லது நீர் முழுமையாக வந்தும் துளை பெரிதாகிவிட்டதா? இதற்கு விடை தெரியாமல் உதிரிபாகம் வாங்குவது குறி பார்க்காமல் கல்லெறிவதற்குச் சமம்.

துளையைப் பற்றிச் சொல்கிறேன். நீரோட்டம் மாறாதிருக்கையில் அழுத்தம் துளை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இறங்கும். விட்டம் 10 விழுக்காடு மட்டும் தேய்ந்தால்கூட அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணால் பார்த்தால் பழைய துளைக்கும் புதிய துளைக்கும் வேறுபாடே தெரியாது. தவறான எண் கொண்ட நாசிலும் அப்படித்தான். எண் 3 இருக்க வேண்டிய இடத்தில் 4 மாட்டினால் 150 பார் 84 பாராகிவிடும். நீங்கள் சரியான எண்ணில் புதிய நாசில் மாட்டியும் மாற்றம் இல்லை என்பதால், துளையின் மேல் ஐயம் கொள்ள எனக்குக் காரணம் இல்லை. நீர்தான் குறைகிறது என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பது போதாது, அளக்க வேண்டும்.

இரண்டு அளவுகள் தேவை. ஒன்று, இயந்திரத்துக்குள் செல்லும் ஹோஸைக் கழற்றி, அதே குழாய், அதே ஹோஸ், அதே கப்ளிங் வழியாக 10 லிட்டர் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்பது. மற்றொன்று, இயந்திரம் முழு அழுத்தத்தில் ஓடும்போது நாசில் வழியாக 10 லிட்டர் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்பது. இரண்டாவதை நாசிலைக் கழற்றிவிட்டு அளக்கக் கூடாது. பிஸ்டனைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் சீல் தேய்ந்த பம்ப் சுமையில்லாத நிலையில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும், சுமை ஏறினால்தான் ஒழுகும். பெரிய டிரம்மில் கொஞ்சம் நீர் ஊற்றி மட்டத்தில் கோடிட்டு, 10 லிட்டருக்கு மேலே மற்றொரு கோடு போட்டுக்கொண்டு, டிரம்மின் வாயைச் சாக்கால் மூடி, பீச்சல் உட்சுவரில் சாய்வாகப் படும்படி பிடியுங்கள். கையையும் முகத்தையும் முனையிலிருந்து தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

தூசிதட்டி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் ஏறக்குறைய இதே தொல்லைதான் என்பதால் தனி இழை தொடங்கவில்லை. கன்னை மூடினால் மோட்டார் தானாக நின்றுவிடும் வகை இயந்திரம் என்னுடையது. அழுத்தம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கன்னைத் தொடாமல் கீழே வைத்திருந்தாலும் ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை மோட்டார் தானாக உறுமிவிட்டு நின்றுபோகிறது. இதுவும் நீர்க் குறைவுதானா?

பழுதுப்பட்டறை:

தூசிதட்டி, உங்களுடையது வேறு கதை. கன் மூடியிருக்கையில் அடைபட்ட அழுத்தம் எங்கோ கசிகிறது. அழுத்தம் இறங்கியதை உணர்ந்ததும் சுவிட்ச் மோட்டாரை இயக்குகிறது, ஏறியதும் நிறுத்துகிறது. எல்லா இணைப்புகளையும் துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிட்டுக் கன்னை மூடிய நிலையில் கவனியுங்கள். லான்ஸ், அதாவது கன்னுக்கு முன்னால் நீளும் குழல், அதன் முனையில் சொட்டினால் கன்னுக்குள் இருக்கும் வால்வு. ஹோஸ் இணைப்பில் ஈரம் கட்டினால் அங்குள்ள ஓ-ரிங். வெளியே எங்கும் ஈரமே இல்லை என்றால் பம்ப்பின் வெளிவாயிலில் உள்ள திரும்பா வால்வு சரியாக அமரவில்லை, நீர் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது. பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்யும் வரை கன்னை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். இப்படி மீண்டும் மீண்டும் தொடங்குவதில் சுவிட்சின் தொடுமுனைகள் கருகிவிடும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஹோஸில் ஊசித்துளை இருக்குமோ என்று விரலால் தடவித் தேட வேண்டாம். அந்த அழுத்தத்தில் வரும் நீர் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியே தெரிவது சிறு புள்ளி மட்டும், உள்ளே சிதைவது தசை. அப்படிப்பட்ட காயம் வலிக்கவில்லை என்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது. ஹோஸின் மேல் ஓர் அட்டையை நகர்த்திப் பாருங்கள். கசிவு இருந்தால் அட்டை நனையும், அல்லது கிழியும்.

ஈரச்சுவர்:

அளந்துவிட்டேன். குழாயிலிருந்து 10 லிட்டர் நிரம்ப 45 நொடி ஆனது. இயந்திரம் ஓடுகையில் நாசில் வழியாக 10 லிட்டருக்கு 1 நிமிடம் 38 நொடி ஆனது. மூன்று முறை பார்த்தேன், இரண்டு நொடிக்கு மேல் வேறுபாடு இல்லை. பம்ப்பின் வெளிவாயிலில் கேஜ் ஒன்றையும் இணைத்துப் பார்த்தேன். முள் ஓரிடத்தில் நிற்காமல் 60க்கும் 80க்கும் இடையே துடித்துக்கொண்டிருந்தது.

ஓட்டமானி:

அருமையான அளவுகள். குழாய் நிமிடத்துக்குப் பதின்மூன்று லிட்டருக்கு மேல் தருகிறது. உங்கள் இயந்திரத்துக்கு வேண்டியது 9. ஆகவே பம்ப்பின் வாசல் வரை நீர் தாராளமாக வருகிறது. ஆனால் வெளியேறுவதோ நிமிடத்துக்கு 6.1 லிட்டர். 9இல் மூன்றில் இரண்டு பங்கு 6 என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் பம்ப்பில் மூன்று பிஸ்டன்கள். ஒன்று வேலை செய்யாவிட்டால் கிடைக்க வேண்டியது சரியாக இந்த அளவுதான். கேஜும் இதையே சொல்கிறது: அதே நாசிலில் அழுத்தம் நீரோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மூன்றில் இரண்டின் வர்க்கம் ஒன்பதில் நான்கு, 150 பாரில் ஒன்பதில் நான்கு 67 பார். உங்கள் முள் துடிப்பது அதைச் சுற்றித்தான். அன்லோடர் திறந்தபடி சிக்கியிருந்தால் முள் தாழ்ந்திருக்குமே தவிர இப்படித் துடிக்காது. மூன்றில் ஒரு தள்ளல் விடுபடுவதால் வருகிற நடுக்கம் இது. மோட்டார் நிமிடத்துக்கு 1,450 சுற்று சுழல்வதாக இருந்தால் நொடிக்கு 24 முறை அந்த இடைவெளி வரும். உங்கள் கை உணர்ந்தது அதைத்தான்.

கருங்குழல்:

அவசரப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. காற்று உறிஞ்சினாலும் இதேபோல் நடுங்கும். உள்வாயில் கப்ளிங்கில் சிறு இடைவெளி இருந்தால் நீர் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். எனக்கு ஒருமுறை நேர்ந்தது.

ஓட்டமானி:

சரியான தடுப்பு, அதை விலக்கிவிட்டே மேலே செல்வோம். காற்று கலந்தால் வெளிவரும் நீர் பால்போல் வெளுத்திருக்கும், சத்தம் கரகரக்கும், நடுக்கமும் ஒரே தாளத்தில் இராமல் வந்து வந்து போகும். தொட்டியிலிருந்து உறிஞ்சி ஓட்டுபவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். குழாயின் அழுத்தத்தில் இணைத்திருக்கும்போது கப்ளிங்கில் இடைவெளி இருந்தால் பெரும்பாலும் நீர்தான் வெளியே சொட்டும்.

ஈரச்சுவர், லான்ஸைக் கழற்றிவிட்டு, மோட்டாரை இயக்காமல், கன்னைத் திறந்து இரண்டு நிமிடம் குழாய்நீரை ஓடவிடுங்கள். காற்று இருந்தால் வெளியேறிவிடும். பிறகு வழக்கம்போல் ஓட்டி, ஓடும்போதே உள்ளே செல்லும் ஹோஸை, அதாவது அழுத்தம் குறைந்த பக்கத்து ஹோஸை மட்டும், உள்ளங்கையால் பற்றிப் பாருங்கள். அது நாடிபோல் துடித்தால், பிஸ்டனுக்கு நீரை உள்ளே விடும் உள்வால்வு ஒன்று மூடாமல் நிற்கிறது. பிஸ்டன் முன்னே தள்ளும்போது நீர் நாசிலுக்குப் போகாமல் வந்த வழியே திரும்புகிறது என்று பொருள். உள்ஹோஸ் அமைதியாக இருந்தால், நீரை வெளியே விடும் வெளிவால்வின் மேல்தான் ஐயம்.

ஈரச்சுவர்:

துடிக்கிறது. ஐயத்துக்கே இடமில்லை, ரப்பர் ஹோஸ் உள்ளங்கையில் தட்டுகிறது. நீர் தெளிவாகத்தான் வருகிறது.

பழுதுப்பட்டறை:

அப்படியானால் திறக்கலாம். மின்இணைப்பை எடுத்துவிடுங்கள், குழாயை மூடுங்கள், விசையை இழுத்து அழுத்தத்தை இறக்குங்கள். பம்ப்பின் தலையில் ஆறு பித்தளை மூடிகள் இருக்கும். மூன்று உள்வால்வுக்கு, மூன்று வெளிவால்வுக்கு. உள்வாயில் குழல் சேரும் வரிசையில் உள்ளவைதான் உங்களுக்குத் தேவை. ஒரு மூடியைக் கழற்றி, பார்த்து, துடைத்து, திரும்ப மூடிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். மூன்றையும் ஒன்றாகக் கழற்றிப் பரப்பி வைத்தால், எந்த ஸ்பிரிங் எதனுடையது என்ற குழப்பத்தில் மாலை போய்விடும். மூடிக்குக் கீழே ஓர் ஓ-ரிங், அதன்கீழ் கூண்டுபோல் ஒன்று, அதற்குள் ஸ்பிரிங், தட்டு, இருக்கை என்று இருக்கும். தட்டைச் சிறு குச்சியால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் இறங்கி, விட்டவுடன் எழுந்து முழுமையாக அமர வேண்டும்.

சுண்ணாம்புப் படிவு வெள்ளையாகப் படிந்திருந்தால் சுரண்டாதீர்கள், வினிகரில் ஊறவையுங்கள். இருக்கையில் கீறல் விழுந்தால் அதன்பின் எத்தனை துடைத்தாலும் நீர் நிற்காது. வால்வு நன்றாக இருந்தால் மட்டும் சீல் பக்கம் வாருங்கள். பம்ப்பின் அடியில் சொட்டுகிறதா, எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எண்ணெய் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது என்று பொருள்.

நீளக்கயிறு:

என்ஜினில் ஓடும் இயந்திரம் வைத்திருக்கிறேன். பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, பம்ப்பின் அடியிலிருந்து திடீரென்று சுடுநீரைக் கொட்டுகிறது, அழுத்தமும் இறங்குகிறது. இதுவும் வால்வுதானா?

பழுதுப்பட்டறை:

வால்வுதான், ஆனால் பழுதில்லை. என்ஜின் ஓடும்போது கன்னை மூடி வைத்துவிட்டு வாளியை நகர்த்துவது, ஏணியை மாற்றுவது என்று இருந்திருப்பீர்கள். அன்லோடர் அதே நீரைத் திரும்பத் திரும்பப் பம்ப்புக்குள் சுற்றவிடுவதால் நீர் சூடாகிறது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசை எட்டியதும் வெப்பப் பாதுகாப்பு வால்வு திறந்து அதை வெளியேற்றுகிறது. சீல்கள் வெந்துபோகாமல் காப்பது அதுதான். கன்னை இரண்டு நிமிடத்துக்கு மேல் மூடி வைக்க நேர்ந்தால் என்ஜினை அணைத்துவிடுங்கள். நீர் ஆறிய பிறகும் அந்த வால்வு மூடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

ஈரச்சுவர்:

கண்டுபிடித்துவிட்டேன். முதல் மூடியில் ஒன்றும் இல்லை. இரண்டாவது, அதாவது நடு பிஸ்டனின் உள்வால்வைத் திறந்தபோது தட்டு ஒரு பக்கம் சாய்ந்தபடி நின்றிருந்தது. இடுக்கியால் எடுத்தபோது, இருக்கைக்கும் தட்டுக்கும் நடுவில் நசுங்கிச் சுருண்டு, அரிசி அளவில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. முதலில் சுண்ணாம்பு என்றே நினைத்தேன். நகத்தால் இழுத்தபோது நீண்டது. டெஃப்லான் டேப்.

இனி உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பத்து நாள் முன்பு உள்வாயில் கப்ளிங்கில் நீர் சொட்டியது. மரையில் டேப்பை ஐந்தாறு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். அதே நாளில் உள்வாயிலில் இருந்த சிறு வலைஃபில்டர் மணலால் அடைந்திருந்ததால் அதைக் கழற்றிக் கழுவி, காய வைத்து, திரும்பப் போட மறந்துவிட்டேன். அது இப்போதும் சன்னல் விளிம்பில்தான் இருக்கிறது.

கருங்குழல்:

என் கறுப்பு நாசிலுக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது.

ஓட்டமானி:

டேப்பை எடுத்துவிட்டு மூடியதும் அதே இரண்டு அளவுகளை மீண்டும் எடுங்கள். பீச்சலைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். அந்தத் துணுக்கு ஒன்றாகத்தான் வந்தது என்பதற்கு உறுதி இல்லை, மூன்றாவது மூடியையும் திறந்துவிடுங்கள்.

ஈரச்சுவர்:

மூன்றாவதில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் மூடி, ஃபில்டரையும் போட்டு ஓட்டினேன். 10 லிட்டருக்கு 68 நொடி ஆனது. கேஜில் 140ஐ ஒட்டி முள் அசையாமல் நிற்கிறது, ஹோஸ் நடுங்கவில்லை.

ஒரு சிறு அதிர்ச்சியும் நேர்ந்தது. கன்னை மூடியபோது முள் 200ஐத் தாண்டித் துள்ளியது. பழுதுப்பட்டறை முதல் பதிலிலேயே சொன்ன அன்லோடர் திருகை நான் திருப்பவே இல்லை. உடனே நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, ஒன்றரைச் சுற்றையும் தளர்த்தினேன். இப்போது கன்னை மூடினால் வேலை அழுத்தத்தைவிடச் சற்றே ஏறி, உடனே விழுந்துவிடுகிறது.

பழுதுப்பட்டறை:

நிமிடத்துக்கு 8.8 லிட்டர் என்பது நான்கு ஆண்டு ஓடிய பம்ப்புக்கு மிக நல்ல அளவு. அதற்கு மேல் எதையும் தொடாதீர்கள். பம்ப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் கப்ளிங் ஏன் சொட்டியது என்பதை விட்டுவிட வேண்டாம். தோட்ட ஹோஸ் வகைக் கப்ளிங்கில் நீரைத் தடுப்பது மரை அன்று, உள்ளே உட்காரும் தட்டை ரப்பர் வாஷர். அது தட்டையாகிவிட்டாலோ காணாமல் போயிருந்தாலோ மரையில் எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் சொட்டும். இறுக்கும்போது டேப்பின் விளிம்பு கிழிந்து உள்ளே போவதும் அதனால்தான்.

ஈரச்சுவர்:

கழற்றிப் பார்த்தேன். வாஷர் இல்லவே இல்லை. பழைய ஹோஸின் முனையில் ஒட்டிக்கொண்டு, அந்த ஹோஸோடு மூலையில் சுருண்டு கிடக்கிறது. அதை எடுத்து மாட்டி, டேப்பை முழுவதும் உரித்துவிட்டுக் கையாலேயே இறுக்கினேன். ஒரு மணி நேரம் ஓட்டியும் ஒரு சொட்டுக்கூட இல்லை.